ஒரே பீடம், இரண்டு சம்பளம்

நியாயம் வழங்கும் பீடத்தில் இருவர் அருகருகே அமர்கின்றனர். இருவரும் ஒரே வழக்கைக் கேட்கின்றனர். ஒரே சாட்சியத்தை ஆராய்கின்றனர். ஒரே உத்தரவில் கையெழுத்திடுகின்றனர். ஆனால் மாதம் முடிந்ததும் ஒருவருக்குக் கிடைக்கும் சம்பளம் வேறு. மற்றவருக்குக் கிடைக்கும் சம்பளம் வேறு. ஒருவர் நீதித்துறையிலிருந்து வந்தவர் என்பதும், மற்றவர் வேறு துறையிலிருந்து வந்தவர் என்பதுமே இதற்குக் கூறப்படும் காரணம். நமது தேசத்தின் நுகர்வோர் கமிஷன்களில் இந்த விபரீதம் நெடுங்காலமாக நிலவி வந்திருக்கிறது. 2025-ம் வருஷம் மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு ஒரு முடிவு கட்டியது. அந்த முடிவு நியாயமானது என்பதே நமது திடமான அபிப்பிராயம். ஆயினும் கோர்ட்டின் கட்டளை காகிதத்தில் இருப்பது வேறு. அது ஒவ்வொரு ராஜ்யத்தின் கஜானாவிலும் நிறைவேறுவது வேறு. ஆகையால் இவ்விஷயத்தைப் பொது ஜனங்கள் நன்கு அறிந்து, தங்கள் சர்க்கார்களை விழிப்புடன் கவனித்து வருவது அவசியமாகும்.

சில நூறு உத்தியோகஸ்தர்களின் சம்பளத் தகராறில் பொது ஜனங்களுக்கு என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். அவர்கள் பெரிய பட்டணங்களை விட்டுவிட்டு, திருவள்ளூர் ஜில்லாவின் வடகோடியிலுள்ள ஆரம்பாக்கத்தைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். அது கும்மிடிப்பூண்டி தாலுகாவைச் சேர்ந்தது. அதற்கப்பால் ஆந்திர எல்லை; பக்கத்தில் பழவேற்காடு ஏரி. அந்த ஏரியை அண்டிய குப்பங்களில் வாழும் மீனவர்கள் இறாலையும் நண்டையும் மீனையும் நம்பியே காலம் தள்ளுகிறார்கள். முன்பு துடுப்பும் பாயும் போதுமாயிருந்தன. இன்றோ படகுக்கு எஞ்சின் வேண்டும். நைலான் வலை வேண்டும். பிடித்த மீன் கெடாமலிருக்க ஐஸ் பெட்டி வேண்டும். இவை யாவும் விலை கொடுத்து வாங்குபவை. பெரும்பாலும் கடன்பட்டு வாங்குபவை.

ஒரு மீனவர் கடன் வாங்கி ஓர் எஞ்சின் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்திற்குள் அது நின்றுவிடுகிறது. விற்ற வியாபாரி கம்பெனியைக் கைகாட்டுகிறார். கம்பெனி வியாபாரியைக் கைகாட்டுகிறது. எஞ்சின் கரையில் கிடக்க, வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. சிவில் கோர்ட்டுக்குப் போவதென்றால் கோர்ட்டுக் கட்டணம், வக்கீல் கட்டணம், வருஷக்கணக்கான அலைச்சல். இத்தகைய மனிதருக்கென்றே ஏற்பட்டது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வியாபாரத்திற்காகப் பொருள் வாங்குபவருக்கு அச்சட்டத்தில் இடமில்லை. ஆனால் சுயதொழில் செய்து தம் ஜீவனத்திற்கு வழி தேடுவதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கி உபயோகிப்பவர் நுகர்வோரே என்று சட்டம் தெளிவாகச் சொல்லுகிறது. ஆதலால் எஞ்சின் வாங்கிய அம்மீனவரும் நுகர்வோரே. 2019-ம் வருஷத்துச் சட்டப்படி அவர் தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் தாமே வாதாடலாம். எதிரிக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதத்திற்குள், பொருளைச் சோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் 5 மாதத்திற்குள், வழக்கை முடிக்க முயல வேண்டுமென்பது விதி.

சட்டம் இவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் சட்டம் தானே பீடத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வதில்லை. மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். ஆரம்பாக்கத்து மீனவர் ரயிலில் திருவள்ளூர் சென்று சேரச் சென்னை வரை வந்து வண்டி மாற வேண்டும். அன்றையக் கடல் தொழிலையும் அன்றையக் கூலியையும் இழந்துதான் அவர் வருகிறார். அவ்வளவு பாடுபட்டு அவர் வந்து நிற்கும்போது, "இன்று அங்கத்தினர் வரவில்லை, போய் அடுத்த மாதம் வா" என்று சொல்லப்படுமானால், இலவசக் கட்டணத்தால் அவருக்கு என்ன பயன்? சம்பளப் பிரச்னை சாமானியனின் பிரச்னையாவது இங்கேதான்.

சட்டத்தின் அமைப்பைச் சற்றுக் கவனிப்போம். ஜில்லாக் கமிஷனில் ஒரு தலைவரும் குறைந்தது இரண்டு அங்கத்தினர்களும் இருக்க வேண்டும். தலைவர் ஜில்லா நீதிபதியாக இருப்பவர், இருந்தவர் அல்லது அப்பதவிக்குத் தகுதி பெற்றவர். அங்கத்தினர்களோ நுகர்வோர் விவகாரம், சட்டம், பொது நிர்வாகம், பொருளாதாரம், வர்த்தகம், கைத்தொழில், என்ஜினீரிங், வைத்தியம் முதலிய துறைகளில் அனுபவமுள்ளவர்கள். ராஜ்யக் கமிஷனிலோ அங்கத்தினர்களிலேயே இரு வகையார் உண்டு: ஜில்லா நீதிபதியாயிருந்து வந்தவர்கள் ஒரு வகை, வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள் மற்றொரு வகை. இவ்வாறு கலந்து அமைத்தது தற்செயலன்று. எஞ்சின் கெட்டது உற்பத்திக் குறையாலா, உபயோகித்த விதத்தாலா என்று சொல்வதற்குச் சட்ட நூல் மட்டும் போதாது. அறுவைச் சிகிச்சையில் அசட்டை நேர்ந்ததா என்று பார்க்கவும், இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி காட்டும் கணக்கின் உள்ளர்த்தத்தை அறியவும் உலக அனுபவம் வேண்டும். 1986-ம் வருஷத்துச் சட்டம் ஜில்லா மன்றத்தின் இரண்டு அங்கத்தினர்களில் ஒருவர் ஸ்திரீயாயிருக்க வேண்டுமென்று விதித்ததும் இந்த நோக்கத்தோடுதான். சந்தையில் பேரம் பேசிக் குடும்பத்திற்கு வாங்குபவர்கள் பெரும்பாலும் பெண்களே அல்லவா?

இனி அதிகாரத்தைப் பார்ப்போம். தலைவர் தனியே அமர்ந்து ஒரு வழக்கையும் நடத்த முடியாது; குறைந்தது ஓர் அங்கத்தினராவது உடன் அமர வேண்டும். இருவருக்கும் அபிப்பிராய பேதம் நேர்ந்தால், அந்த விஷயம் மற்றோர் அங்கத்தினரிடம் செல்கிறது. பெரும்பான்மையோர் கருத்தே உத்தரவாகிறது. தலைவரின் வோட்டு ஒன்று. அங்கத்தினரின் வோட்டும் ஒன்று. இரண்டு அங்கத்தினர்கள் ஒன்றுபட்டால், நீதிபதியாயிருந்த தலைவரின் கருத்தையும் தள்ளிவிடலாம். கமிஷனின் உத்தரவை மீறியவருக்கு 1 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறைத் தண்டனை விதிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. ஒரு பிரஜையின் சுதந்திரத்தையே பறிக்கக்கூடிய அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, "நீ அரை நீதிபதிதான், அரைச் சம்பளம் வாங்கிக்கொள்" என்று சொல்வது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

சர்க்கார்கள் நடந்து வந்த வழியோ வேறு. 1986-ம் வருஷத்துச் சட்டம் "சம்பளம் அல்லது மதிப்பூதியம்" என்று எழுதி, அதை நிர்ணயிக்கும் அதிகாரத்தை ராஜ்ய சர்க்கார்களிடம் விட்டது. மதிப்பூதியம் என்ற சொல்லில் மதிப்பு இருந்ததேயொழிய ஊதியம் இருக்கவில்லை. ராஜ்யத்திற்கு ராஜ்யம் தொகை மாறியது. 2016-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு நியமித்த நீதிபதி அரிஜித் பசாயத் கமிட்டி தேசத்தின் பல பாகங்களிலும் விசாரித்து அறிக்கை சமர்ப்பித்தது. நீதித்துறை சாராத அங்கத்தினர்களுக்கு அளிக்கப்படும் தொகை ராஜ்யத்திற்கு ராஜ்யம் வேறுபடுவதையும், திறமையுள்ளவர்களை இழுப்பதற்குப் போதாத சொற்பமாயிருப்பதையும் அக்கமிட்டி எடுத்துக் காட்டியது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிறு உத்தரவுகூட எழுதத் தெரியவில்லை என்றும், பல இடங்களில் நேரந்தவறாமை இல்லை என்றும், சில இடங்களில் அவர்கள் ஒன்றுகூடித் தலைவருக்கு எதிராகச் சட்டத்திற்குப் பொருந்தாத உத்தரவுகளைப் பிறப்பித்தனர் என்றும் அது கூறியது. அதே வருஷம் நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, தேசமெங்கும் ஒரே மாதிரியான விதிகளை மத்திய சர்க்கார் வகுக்க வேண்டுமென்று கட்டளையிட்டது.

2019-ல் புதுச் சட்டம் வந்தது. 2020-ம் வருஷம் ஜூலை 20-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதனுடன் வந்த மாதிரி விதிகள் ஜில்லாக் கமிஷன் தலைவருக்கு ஜில்லா நீதிபதியின் சம்பளத்தை அளவாக வைத்தன. அங்கத்தினருக்கோ ராஜ்ய சர்க்காரின் டிப்டி செக்ரட்டரி சம்பளத்தை அளவாக வைத்தன. தொகையைவிட இந்த அளவுகோலே நமக்கு அதிக ஆட்சேபகரமாகத் தோன்றுகிறது. ஒருவரை நீதிமன்றத்து முழத்தால் அளந்து, அவருடன் சரிசமமாய் அமர்பவரைச் செக்ரடேரியட் முழத்தால் அளந்தார்கள். கமிஷன் முன் வரும் பிரதிவாதிகளில் தனியார் கம்பெனிகள் மட்டுமா இருக்கின்றன? மின்சார இலாகாவின் மீதும், சர்க்கார் பாங்கிகளின் மீதும், சர்க்கார் இன்ஷ்யூரன்ஸ் ஸ்தாபனங்களின் மீதும் மனுக்கள் வருகின்றன. சர்க்காரின் கீழ் உத்தியோகஸ்தரென மதிக்கப்படுபவர் சர்க்கார் ஸ்தாபனத்திற்கு எதிராகத் தீர்ப்பளிக்கும்போது, ஏழை மனுதாரருக்கு எவ்வளவு நம்பிக்கை பிறக்கும்? நீதிபதி சுயேச்சையாக இருந்தால் மட்டும் போதாது. சுயேச்சையானவர் என்று ஜனங்கள் நம்பவும் வேண்டும்.

மேல் தட்டில் இந்த வேற்றுமை இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 2021-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் டிரிபியூனல்களுக்கென வகுத்த விதிகள் தேசியக் கமிஷனுக்கும் பொருந்துவன. அவற்றில் தலைவருக்கு மாதம் 2,50,000 ரூபாயும், அங்கத்தினருக்கு 2,25,000 ரூபாயும் என்று கண்டிருந்தது. நீதித்துறை அங்கத்தினருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்று அங்கே பிரிக்கவில்லை. டில்லியில் தேவைப்படாத வேற்றுமை திருவள்ளூரில் மட்டும் எதற்கு? கோடிக்கணக்கான ரூபாய் வழக்கைத் தீர்ப்பவர்களுக்குள் சமத்துவம் வேண்டும், மீனவரின் எஞ்சின் வழக்கைத் தீர்ப்பவர்களுக்குள் வேண்டாம் என்பதுதானா இதன் பொருள்?

இந்நிலையில்தான் உத்தரப் பிரதேச ராஜ்யக் கமிஷன் அங்கத்தினர்களின் சம்பளம், படிகளைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2025 மே மாதம் உத்தரவிட்டது. பூரண நியாயம் வழங்குவதற்கென அரசியல் சட்டத்தின் 142-வது விதி தரும் அதிகாரத்தை அது உபயோகித்தது. ராஜ்யக் கமிஷன் அங்கத்தினர்களுக்கு ஜில்லா நீதிபதிகளில் உச்சப் படியிலுள்ளவரின் சம்பளமும், ஜில்லாக் கமிஷன் அங்கத்தினர்களுக்குத் தேர்வுப் படியிலுள்ள ஜில்லா நீதிபதியின் சம்பளமும் அளிக்க வேண்டுமென்றது. நீதித்துறையைச் சேர்ந்தவர், சாராதவர் என்ற பேதம் இதில் இல்லை. 2020 ஜூலை 20-ந் தேதி முதலே இது கணக்கிடப்பட வேண்டும். இரண்டாவது தேசிய நீதித்துறைச் சம்பளக் கமிஷன் சிபாரிசு செய்த விகிதப்படி தேர்வுப் படி 1,63,030 ரூபாயிலும், உச்சப் படி 1,99,100 ரூபாயிலும் துவங்குகின்றன.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை நாம் அறியாமலில்லை. சட்டக் கல்வியும் நீண்ட நீதிமன்ற அனுபவமும் உள்ளவருக்கு அதிகம் கொடுப்பதில் என்ன தவறு என்பது முதல் வாதம். ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதற்காகச் சம்பளம் கொடுப்பதா, இங்கு என்ன வேலை செய்கிறார் என்பதற்காகக் கொடுப்பதா என்று நாம் கேட்கிறோம். சமமான வேலைக்குச் சமமான ஊதியம் நமது அரசியல் சட்டத்தின் லட்சியம் என்பதை 1982-ம் வருஷத்தில் ரண்தீர் சிங் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்துவிட்டது. தலைவருக்கு நிர்வாகப் பொறுப்பு அதிகம். காரியாலயத்தை மேற்பார்ப்பதும் வழக்குகளை வகுத்து நடத்துவதும் அவரைச் சார்ந்தவை. அதற்காக அவருக்குச் சிறிது கூடுதலாகத் தருவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. பொறுப்புக்குத் தருவது நியாயம். பிறப்பிடத்துக்குத் தருவது நியாயமன்று.

இந்த உண்மையை உணர ஆரம்பாக்கத்து மீனவருக்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை. மீன் விற்ற பணத்தில் படகுக்கும் வலைக்கும் உரிய பங்கை ஒதுக்கியபின், மீதியை வலை இழுத்தவர்கள் பிரித்துக்கொள்வது கடற்கரை வழக்கம். படகுக்காரர் கூடுதலாகப் பெறுவதை யாரும் குறை சொல்வதில்லை. அவர் முதல் போட்டவர். ஆனால் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்த இருவரில் ஒருவன் மேலத்தெரு, மற்றவன் கீழத்தெரு என்று பங்கில் குறைத்தால் அந்த வலை மறுநாள் கடலில் இறங்குமா?

நீதித்துறை சாராத அங்கத்தினர்களின் திறமைக் குறைவைப் பசாயத் கமிட்டியே சொல்லியிருக்கிறதே, அவர்களுக்கா உயர்ந்த சம்பளம் என்பது இரண்டாவது வாதம். கமிட்டி சொன்ன குறைகளை நாம் மூடி மறைக்க விரும்பவில்லை, அவை வெட்கப்படத்தக்கவை. ஆனால் அதே கமிட்டி சொற்பச் சம்பளத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டுக் காரியத்தை மட்டும் பழிப்பது அழகல்ல. அற்பத் தொகை கொடுத்தால், வேறு வருமானமுள்ளவர் ஓய்வு நேரத்தில் வந்து போவார். அல்லது வேறு வேலை கிடைக்காதவர் சிபாரிசு பிடித்து வருவார். 2020-ம் வருஷத்து விதிகள் அளித்த பதவிக் காலமோ 4 வருஷமே. தமது தொழிலை விட்டுவிட்டு, நான்கு வருஷத்திற்கு மட்டும், குறைந்த சம்பளத்திற்கு, எந்தச் சமர்த்தர் வருவார்? மேலும் நிலைமை இப்போது மாறியிருக்கிறது. 2023-ம் வருஷம் மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு இரண்டு தாள்கள் கொண்ட எழுத்துப் பரீட்சையை நியமனத்திற்கு அவசியமாக்கிற்று. பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்தவரைச் சம்பளத்தில் மட்டும் பழையபடி நடத்துவது பொருந்தாது.

மூன்றாவது வாதம் தேசபக்தர்களிடமிருந்தே வருவது. பொது சேவைக்கு இவ்வளவு சம்பளம் ஏன் என்று அவர்கள் கேட்கிறார்கள். 1931-ம் வருஷத்துக் கராச்சிக் காங்கிரஸ் சர்க்கார் உத்தியோகஸ்தரின் சம்பளம் சாதாரணமாக மாதம் 500 ரூபாய்க்கு மேற்படலாகாதென்று தீர்மானித்ததையும், 1937-ல் காங்கிரஸ் மந்திரிகள் அந்த 500 ரூபாயையே சம்பளமாகப் பெற்றதையும் நினைவூட்டுகிறார்கள். அந்தத் தியாகத்தை நாம் வணங்குகிறோம். ஆனால் அத்தீர்மானம் ஒருவருக்கு எளிமையும் பக்கத்திலிருப்பவருக்குச் செழுமையும் விதிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே வரம்பு வைத்தது. சிக்கனம் வேண்டுமானால் பீடம் முழுவதிற்கும் வரட்டும். அங்கத்தினரின் வீட்டில் மட்டும் அது குடியேற வேண்டாம்.

ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்ற முறை நமக்குப் புதிதல்ல. 1885-ல் கல்கத்தாப் பிரஸிடென்ஸிக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த ஜகதீச சந்திர போஸுக்கு, வெள்ளைக்கார ஆசிரியருக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த சம்பளம் விதிக்கப்பட்டது. அவர் வேலையை விடவில்லை. சம்பளத்தைத் தொட மறுத்தார். மூன்று வருஷம் சம்பளமின்றியே பாடம் சொல்லிக்கொடுத்தார். முடிவில் சர்க்கார் பணிந்து, முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியுடன் கொடுத்தது. அன்று அந்நிய ஆட்சி நிறத்தைப் பார்த்து அளந்தது. இன்று நமது சொந்த ராஜ்யத்தில் வந்த வழியைப் பார்த்து அளக்கும் வழக்கத்தை மிச்சம் வைத்திருப்பது நமக்குக் கௌரவமாகாது.

கடைசி வாதம் பணம். ராஜ்யக் கஜானாக்கள் தாங்குமா என்கிறார்கள். ஒரு ஜில்லாவுக்கு இரண்டு அங்கத்தினர்கள் வீதம் கணக்கிட்டுப் பார்த்தால், இது எந்த ராஜ்யத்தையும் முழுக்கிவிடும் சுமையல்ல என்பது விளங்கும். அன்றியும் தகுந்த நீதியை உரிய காலத்தில் வழங்காததால் ஜனங்கள் அடையும் நஷ்டம் எந்த பட்ஜெட்டில் எழுதப்படுகிறது? கரையில் துருப்பிடிக்கும் எஞ்சினும், அடகிலே மூழ்கும் நகையும் யாருடைய கணக்கில் சேர்கின்றன?

இங்கே எல்லை ஊர் ஒன்றின் பாடத்தையும் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரியில் ஆரம்பாக்கத்துப் பக்கத்து மீனவரும் ஆந்திரத்துத் தடாப் பக்கத்து மீனவரும் ஒரே தண்ணீரில் தொழில் செய்கிறார்கள். ஒரே கம்பெனியின் எஞ்சினையே இருவரும் வாங்கலாம். இருவருக்கும் சட்டம் ஒன்றே. ஆனால் 2019-ம் வருஷத்துச் சட்டமும் அங்கத்தினர் சம்பளத்தை ராஜ்ய சர்க்காரின் விதிக்கே விட்டது. ஆகவே ஏரியின் இக்கரை நீதிபதியும் அக்கரை நீதிபதியும் வெவ்வேறு விலைக்கு மதிக்கப்பட இடமிருந்தது. மத்திய சட்டம் ஒன்று உரிமையைத் தேசமெங்கும் ஒன்றாகக் கொடுத்தால், அதை நிலைநாட்டுபவரின் தரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்காகவே சுப்ரீம் கோர்ட்டு தேசம் முழுமைக்கும் ஒரே அளவை விதித்ததை நாம் வரவேற்கிறோம்.

எனவே நாம் வற்புறுத்துவது இதுதான். முதலாவது, ராஜ்ய சர்க்கார்கள் மே மாதத்து உத்தரவைக் கழிவு கூறாமல் நிறைவேற்றி, 2020 ஜூலை முதல் சேர வேண்டிய பாக்கியைத் தீர்க்க வேண்டும். சம்பளத்திற்காக நீதிபதியே வழக்காடி நிற்கும் காட்சி ஒரு தேசத்திற்கு அழகல்ல. இரண்டாவது, கோர்ட்டு உத்தரவோடு நில்லாமல் விதிகளையே திருத்தி, டிப்டி செக்ரட்டரி என்ற அளவுகோலை அகற்ற வேண்டும். மூன்றாவது, காலியாகும் ஸ்தானங்களைக் காலியாகும் முன்பே நிரப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். ஆளில்லாத நாற்காலிக்கு எந்தச் சம்பளம் விதித்தும் பயனில்லை.

அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. சம உரிமை கேட்டுப் பெற்றவர்கள் சமக் கடமையிலிருந்து தப்ப முடியாது. இனி, "எனக்குக் கிடைப்பது சொற்பம்" என்ற சமாதானம் செல்லாது. வேலை நாள் தோறும் பீடத்தில் அமர வேண்டும். உத்தரவு எழுதும் பாரத்தைத் தலைவர் தலையில் கட்டிவிட்டுக் கையெழுத்து மட்டும் இடும் பழக்கத்தை ஒழிக்க வேண்டும். மாறுபட்ட கருத்திருந்தால் காரணத்துடன் எழுத வேண்டும். ஜில்லா நீதிபதியின் சம்பளத்தைப் பெறுபவரிடம் ஜில்லா நீதிபதியின் உழைப்பையும் நேர்மையையும் ஜனங்கள் எதிர்பார்ப்பார்கள். எதிர்பார்க்க அவர்களுக்கு உரிமையுண்டு. வழக்கைத் தீர்க்கும் மாதக் கணக்கைச் சட்டம் சொன்ன 3 மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அவர்களுக்கு உரிமையுண்டு.

ஊர்தோறும் பொதுப் பணியில் ஈடுபட்டிருக்கும் தொண்டர்கள் இவ்விஷயத்தைக் கையிலெடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். தங்கள் ஜில்லாக் கமிஷனில் எத்தனை ஸ்தானங்கள் நிரம்பியிருக்கின்றன, மாதத்தில் எத்தனை நாள் பீடம் கூடுகிறது, அங்கத்தினர்களுக்கு எந்த விகிதத்தில் சம்பளம் அளிக்கப்படுகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் கேட்டறியலாம். சட்டசபை அங்கத்தினர்களைக் கொண்டு கேள்வி போடச் செய்யலாம். குப்பங்களிலும் கிராமங்களிலும் உள்ளவர்களுக்கு, அவர்கள் வசிக்கும் ஜில்லாவிலேயே, கட்டணமின்றி வழக்குத் தொடரலாம் என்பதை எடுத்துச் சொல்லலாம். கேட்பவர் இருந்தால்தான் கொடுப்பவருக்குப் பொறுப்பு வரும்.

எஞ்சின் கெட்டுக் கரையில் நிற்கும் ஏழைக்கு அந்தப் பீடத்தில் இருப்பவர்களில் யார் நீதிபதி, யார் நீதிபதியல்லர் என்ற பேதம் தெரியாது. அவர் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறார். எல்லோரும் தமக்கு நியாயம் செய்ய வந்தவர்கள் என்றே நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற விரும்பும் சர்க்கார், அவர்களுக்குள் தானே ஏற்படுத்திய பேதத்தை இனி ஒரு நாளும் நீடிக்க விடலாகாது.